குதிரைக்குட்டி வளர்ப்பு: மாடு வளர்த்த கைகளுக்கு ஒரு வழிகாட்டி

ஆடி மாதம் அந்தியூர் குருநாதசாமி கோயில் குதிரைச் சந்தை முடிந்ததும் எங்கள் பக்கத்தில் சிலருக்குக் குதிரை ஆசை வந்துவிடும். சினைக்குதிரை ஒன்றை ஓட்டி வருவார்கள், இல்லையென்றால் ஆறு மாதக் குட்டி ஒன்றை வண்டியில் ஏற்றி வருவார்கள். பெரும்பாலும் பரம்பரையாக மாடு வளர்த்தவர்கள். தீவனம், சாணம், சினை, ஈத்து எல்லாம் கை பழகிய விஷயம். அந்தப் பழக்கம் பாதி உதவும். மீதிப் பாதிதான் குட்டியைக் கெடுக்கிறது. மாட்டுக்குச் சரியான சில காரியங்கள் குதிரைக்குட்டிக்கு விஷம் என்பதைத் தெரிந்துகொண்டு தொடங்குங்கள். மார்வாரி, கத்தியவாரி, நாட்டுக் குதிரை எதுவானாலும் இங்கே சொல்வது பொருந்தும்.

ஈனுவதற்கு ஒரு மாதம் முன்பே

பசுவுக்குச் சினைக்காலம் 280 நாள். குதிரைக்குச் சராசரியாக 340 நாள், அதாவது பதினோரு மாதம். 320 நாளிலும் ஈனலாம், 365 நாள் வரையிலும் போகலாம். அதனால் தேதியை நம்பி உட்காராதீர்கள், மடியைப் பாருங்கள். கடைசி இரண்டு மூன்று வாரங்களில் மடி நிரம்பும். ஈனுவதற்கு ஒன்று முதல் நான்கு நாள் முன்பு காம்பு நுனியில் தேன்மெழுகுத் துளி போல ஒன்று ஒட்டியிருக்கும். அதைப் பார்த்த இரவிலிருந்து தூக்கம் கிடையாது என்று வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் குதிரைகள் பெரும்பாலும் இரவில்தான் ஈனும்.

அதற்கு முன்பு இரண்டு வேலைகள் இருக்கின்றன. ஈனுவதற்கு 4 முதல் 6 வாரம் முன்பு தாய்க்கு இரணஜன்னி (டெட்டனஸ்) தடுப்பூசி போட வேண்டும். தாயின் உடலில் உருவாகும் எதிர்ப்புச் சக்தி சீம்பாலில் இறங்கிக் குட்டிக்குப் போகும். இரண்டாவது, எந்தக் கொட்டகையில் ஈனப் போகிறதோ அங்கே ஒரு மாதம் முன்பே தாயைக் கொண்டுவந்து கட்டுங்கள். அந்த இடத்துக் கிருமிகளுக்கு எதிரான சக்தி தாய்க்கு வந்தால்தான் குட்டிக்கும் வரும். ஈனும் இடம் 14 அடிக்கு 14 அடி இருக்கட்டும், தரையில் காய்ந்த வைக்கோல் கனமாகப் போடுங்கள்.

ஈனும் நேரம்

பனிக்குடம் உடைந்த பிறகு எல்லாம் வேகமாக நடக்கும். 20 முதல் 30 நிமிடத்தில் குட்டி வெளியே வந்துவிட வேண்டும். மாட்டுக்குக் காத்திருப்பது போல இரண்டு மணி நேரம் காத்திருந்தால் குட்டி இருக்காது. வெண்மையான சவ்வுக்குள் முன்னங்கால் ஒன்று, சற்றுப் பின்னால் இன்னொன்று, அவற்றின் மேல் மூக்கு: இதுதான் சரியான வரிசை. வெள்ளைச் சவ்வுக்குப் பதிலாக வெல்வெட் துணி போலச் சிவப்பாக ஒரு பை வெளியே வந்தால் நச்சுக்கொடி முன்கூட்டியே பிரிந்துவிட்டது என்று அர்த்தம். குட்டிக்கு மூச்சுக்காற்று நின்றுபோய்க்கொண்டிருக்கிறது. அந்தப் பையை உடனே கிழித்துக் குட்டியை வெளியே இழுக்க வேண்டும். டாக்டர் வரும்வரை காத்திருக்க நேரம் இருக்காது. ஆகவே டாக்டரின் போன் எண்ணைக் கொட்டகைச் சுவரிலேயே எழுதி வையுங்கள், பனிக்குடம் உடைந்ததுமே ஒரு தகவல் சொல்லிவிடுங்கள்.

குட்டி வெளியே வந்ததும் தொப்புள்கொடியைக் கத்தரியால் வெட்டாதீர்கள். தாய் எழும்போதோ குட்டி நகரும்போதோ தானாக அறும், அப்படி அறுவதுதான் நல்லது. அறுந்த நுனியை 0.5 சதவீதக் குளோர்ஹெக்சிடின் கரைசலில் முக்குங்கள், ஒரு நாளைக்கு மூன்று முறை, மூன்று நாள். கடுமையான டிங்சர் அயோடினை அப்படியே ஊற்றும் பழக்கம் சிலரிடம் உண்டு. அது தோலைப் பொசுக்கிவிடும், பொசுங்கிய இடத்தில் கிருமி நுழையும்.

ஒன்று, இரண்டு, மூன்று

மனப்பாடம் செய்ய வேண்டிய கணக்கு இது. ஒரு மணி நேரத்துக்குள் குட்டி எழுந்து நிற்க வேண்டும். இரண்டு மணி நேரத்துக்குள் பால் குடிக்க வேண்டும். மூன்று மணி நேரத்துக்குள் நச்சுக்கொடி விழ வேண்டும்.

மாட்டுக்கு நச்சுக்கொடி விழ அரை நாள் ஆனாலும் பெரிய கவலை இல்லை, மறுநாள் காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று விடுவோம். குதிரைக்கு மூன்று மணி நேரம் தாண்டினாலே அவசரம். ஒரு சிறு துண்டு உள்ளே தங்கினாலும் விஷம் உடலில் ஏறி, குளம்புக்குள் வீக்கம் வந்து, தாயே நடக்க முடியாமல் போய்விடும். இழுக்கவும் கூடாது. தொங்குவதைத் தாய் மிதிக்காதபடி முடிந்து கட்டிவிட்டு டாக்டரைக் கூப்பிடுங்கள். விழுந்த பிறகு அதை ஒரு சாக்கின் மேல் விரித்துப் பாருங்கள். கால்சட்டை ஒன்றை விரித்த மாதிரி இரண்டு கால் இருக்கும். கால் நுனி ஏதாவது கிழிந்து காணாமல் இருந்தால், அந்தத் துண்டு இன்னும் உள்ளே இருக்கிறது. டாக்டர் வரும்வரை அதைப் புதைக்காமல் ஒரு வாளியில் மூடி வையுங்கள்.

சீம்பால்

குதிரைக்குட்டி பிறக்கும்போது அதன் ரத்தத்தில் எதிர்ப்புச் சக்தி கிட்டத்தட்ட எதுவும் இருக்காது. தாயின் நச்சுக்கொடி அதைக் கடத்தாது. எல்லாம் சீம்பால் வழியாகத்தான் வர வேண்டும். அதுவும் குட்டியின் குடல் அதை முழுதாக உறிஞ்சுவது முதல் 6 முதல் 8 மணி நேரம் மட்டும்தான். 24 மணி நேரத்தில் அந்தக் கதவு மூடிவிடும், அதற்குப் பிறகு எத்தனை லிட்டர் ஊற்றினாலும் வெறும் பால்தான். எங்கள் பக்கத்தில் சீம்பாலைக் கறந்து வெல்லம் போட்டுக் காய்ச்சும் வழக்கம் மாட்டோடு நிற்கட்டும். ஈனுவதற்கு முன்பே தாய்க்குப் பால் ஒழுகிக்கொண்டிருந்தால் அது சீம்பால் வீணாகிறது என்பதற்கு அடையாளம், அப்போதே டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

சீம்பால் தரமானதா என்று பார்க்கக் கரும்பு ஆலைக்காரர்கள் வைத்திருக்கும் பிரிக்ஸ் மீட்டரே போதும். ஒரு சொட்டு வைத்துப் பார்த்தால் 23க்கு மேல் காட்டினால் நல்லது, 15க்குக் கீழே என்றால் மோசம். குட்டி குடித்தது ரத்தத்தில் சேர்ந்ததா என்று அறிய 18 முதல் 24 மணி நேரத்தில் ரத்தப் பரிசோதனை உண்டு. ஐஜிஜி என்ற எதிர்ப்புச் சக்திப் புரதத்தின் அளவு டெசிலிட்டருக்கு 800 மில்லிகிராமுக்கு மேல் வேண்டும். 400க்குக் கீழே இருந்தால் பிளாஸ்மா (ரத்தத்தின் திரவப் பகுதி) ஏற்ற வேண்டிவரும். வசதி இருக்கிற இடத்தில் இந்தச் சோதனையைக் கட்டாயம் செய்யுங்கள். மருந்துச் செலவில் இது சின்னத் தொகை.

முதல் வாரம்: நெற்றியைப் பாருங்கள்

கன்றைத் தனியாகக் கட்டி வைத்துக் காலையும் மாலையும் அவிழ்த்துவிடுவோம். குதிரைக்குட்டியை ஒருநாளும் அப்படிக் கட்டக் கூடாது. அதன் வயிறு சின்னது, முதல் வாரத்தில் ஒரு மணி நேரத்துக்குள் ஐந்தாறு முறை குடிக்கும். ஒரு நாளில் தன் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல் பால் குடித்து, ஒரு கிலோ அளவுக்கு எடை கூடும். அரை நாள் பட்டினி போட்டாலே துவண்டுவிடும்.

என்னிடம் பிறந்த முதல் குட்டி மூன்றாம் நாள் வரை துள்ளிக்கொண்டிருந்தது. நான்காம் நாள் காலையில் அதன் நெற்றியில் வெள்ளையாக ஏதோ காய்ந்து ஒட்டியிருந்தது. தாய் நக்கியிருக்கும் என்று நினைத்துத் துடைத்துவிட்டேன். மதியம் மறுபடியும் நெற்றி நனைந்திருந்தது. தொட்டுப் பார்த்தால் பால். குட்டி மடிக்கு அடியில் போய் நிற்கிறது, ஆனால் குடிக்கவில்லை. நிரம்பிய மடியிலிருந்து பால் அதன் நெற்றியில் சொட்டியிருக்கிறது. தெர்மாமீட்டர் வைத்தால் 103 டிகிரி ஃபாரன்ஹீட். அன்று மாலையே டாக்டர் வந்து மருந்து தொடங்கியதால் பிழைத்தது, இன்னும் ஒரு நாள் விட்டிருந்தால் பிழைத்திருக்காது. அன்றிலிருந்து காலையில் கொட்டகைக்குள் போனதும் முதலில் குட்டியின் நெற்றியையும் தாயின் மடியையும் பார்ப்பேன். மடி இறுக்கமாக, கால் வழியே பால் கோடு கோடாக இறங்கியிருந்தால் குட்டிக்கு ஏதோ ஆகிவிட்டது. காய்ச்சல், கழிச்சல் எல்லாவற்றுக்கும் முன்னால் தெரியும் அடையாளம் இதுதான்.

மற்றவை சுருக்கமாக. உடல் வெப்பம் 99 முதல் 102 டிகிரிக்குள் இருக்க வேண்டும், மேலே போனாலும் கீழே போனாலும் ஆபத்து. கறுப்பாகப் பிசின் மாதிரி வரும் முதல் சாணமான காட்டுப்பீ முதல் நாளுக்குள் வெளியேற வேண்டும். வாலைத் தூக்கிக்கொண்டு முக்கி முக்கி நின்றால் டாக்டர் சொன்னபடி எனிமா. தொப்புள் ஈரமாகவே இருந்தாலோ அங்கிருந்து சிறுநீர் சொட்டினாலோ காட்ட வேண்டும். எந்த மூட்டாவது வீங்கிக் குட்டி நொண்டினால், தாய் மிதித்திருக்கும் என்று எண்ணெய் தடவிக்கொண்டிருக்காதீர்கள். தொப்புள் வழியே போன கிருமி மூட்டில் இறங்கினால் அப்படித்தான் வீங்கும், ஒரு நாள் தாமதமும் மூட்டையே அழித்துவிடும்.

ஏழு முதல் பதினான்கு நாளுக்குள் ஒரு கழிச்சல் வரும். தாய்க்கு ஈன்றபின் முதல் பருவம் வரும் சமயமும் அதுதான் என்பதால் பால் சூடு என்பார்கள். உண்மையில் குட்டியின் குடல் மாறிக்கொள்கிற காலம் அது. குட்டி சுறுசுறுப்பாகப் பால் குடித்தால் பின்புறத்தைக் கழுவித் துடைத்து, தோல் புண்ணாகாமல் வாசலின் தடவினால் போதும். சோர்ந்து படுத்தால், தண்ணீராகப் போனால், அது வேறு. அப்புறம், குட்டி தாயின் சாணத்தைத் தின்பதைப் பார்த்துப் பதற வேண்டாம். குடலுக்குத் தேவையான நுண்ணுயிர்களை அப்படித்தான் சேர்த்துக்கொள்கிறது.

தாய் இறந்துவிட்டால் அல்லது பாலே இல்லையென்றால் ஆட்டுப்பால் நல்ல மாற்று. பசும்பால் என்றால் கொழுப்பைக் குறைத்த பாலில் லிட்டருக்கு 20 கிராம் டெக்ஸ்ட்ரோஸ் குளுக்கோஸ் கலந்து கொடுக்கலாம். சர்க்கரை போடக் கூடாது, அதைச் செரிக்கும் திறன் சின்னக் குட்டிக்கு இல்லை. எருமைப்பால் வேண்டாம். முதல் சில நாள் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை, இரவிலும். புட்டியைத் தலைக்கு மேலே உயர்த்தினால் பால் நுரையீரலுக்குள் போய்விடும், தாயின் மடி உயரத்திலேயே பிடியுங்கள்.

தீவனம்: கொழுப்பு வேண்டாம், எலும்பு வேண்டும்

தாய்ப்பால் இரண்டாம் மாதத்தில் உச்சத்தைத் தொட்டு அப்புறம் குறையும். அதனால் இரண்டு மாதத்திலிருந்து குட்டிக்குத் தனியாக அடர் தீவனம் பழக்குங்கள். தாய் நுழைய முடியாதபடி கம்பு கட்டி, குட்டி மட்டும் புகுந்து தின்னும் ஒரு மூலை போதும். 100 கிலோ எடையுள்ள குட்டிக்கு நாளுக்கு அரை கிலோவிலிருந்து முக்கால் கிலோ. புரதம் 16 சதவீதம் இருக்க வேண்டும். ஓட்ஸோ பார்லியோ கிடைத்தால் நல்லது. கொள்ளு நம்மூரின் நல்ல புரதம், ஆனால் ஊறவைத்து வேகவைத்துக் கொடுங்கள். பச்சைக் கொள்ளில் புரதச் செரிமானத்தைத் தடுக்கும் பொருள் இருக்கிறது, வேகவைத்தால் போய்விடும்.

நான்கு முதல் ஆறு மாதத்துக்குள் பால் மறக்கடிக்கலாம். ஒரே நாளில் பிரித்து வெளியூருக்கு அனுப்பாதீர்கள். இன்னொரு குட்டியோ, சாதுவான கிழக்குதிரையோ கூட இருந்தால் கத்துவதும் வேலியில் மோதுவதும் குறையும். பால் மறந்த குட்டியின் எடையை ஒரு தையல் டேப்பை வைத்துக் கணக்கிடலாம். மார்புச் சுற்றளவை அதே எண்ணால் பெருக்கி, தோள் முனையிலிருந்து பிட்டம் வரையுள்ள நீளத்தால் பெருக்கி, 10,100ஆல் வகுங்கள். அளவு சென்டிமீட்டரில், விடை கிலோவில். 125 சென்டிமீட்டர் சுற்றளவு, 110 நீளம் என்றால் சுமார் 170 கிலோ. அப்படிப்பட்ட குட்டிக்கு ஒன்றரை முதல் இரண்டு கிலோ அடர் தீவனம், மூன்று வேளையாகப் பிரித்து. மீதி நல்ல காய்ந்த புல், வேண்டிய மட்டும்.

இங்கேதான் எங்கள் கொங்குப் பக்கத்தில் பெரிய தவறு நடக்கிறது. தெரிந்த ஒருவர் வீட்டில் ஒன்றரை வயதுக் குட்டி. பளபளவென்ற தோல், கொழுகொழுவென்று உடம்பு, வருகிறவர்கள் எல்லாம் பாராட்டுகிறார்கள். முகத்தை நேராகப் பார்த்தபோது கண்ணுக்குக் கீழே இரண்டு பக்கமும் எலும்பு பருத்து, மூக்குத்தண்டு அகலமாகியிருந்தது. நடக்கும்போது ஒரு நாள் ஒரு கால், மறுநாள் வேறு கால் என்று நொண்டியது. என்ன தீவனம் என்றேன். காலையும் மாலையும் கோதுமைத் தவிடு, நாள் முழுக்கக் கொழுக்கட்டைப் புல், அது தீர்ந்தால் நேப்பியர் புல். மாட்டுக்கு அருமையான தீவனம். குதிரைக்கு எலும்பைக் கரைக்கும் கூட்டு.

காரணம் இதுதான். கோதுமைத் தவிட்டில் பாஸ்பரஸ் கால்சியத்தைப் போல எட்டுப் பத்து மடங்கு. குட்டிக்கோ கால்சியம் பாஸ்பரஸைவிட ஒன்றரை முதல் இரண்டு மடங்கு வேண்டும். கொழுக்கட்டைப் புல்லிலும் நேப்பியரிலும் உள்ள ஆக்சலேட் என்ற பொருள், இருக்கிற கொஞ்சக் கால்சியத்தையும் குடலிலேயே கட்டிப்போடும். மாட்டின் முதல் வயிற்றிலுள்ள நுண்ணுயிர்கள் ஆக்சலேட்டைப் பெருமளவு உடைத்துவிடும். குதிரைக்கு ஒற்றை வயிறு, அந்த வசதி கிடையாது. ரத்தத்தில் கால்சியம் குறையும்போது உடல் அதை எலும்பிலிருந்து உருவும், முதலில் முக எலும்பு பருத்து மென்மையாகும். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் இதே கொழுக்கட்டைப் புல்லை மேய்ந்த குதிரைகளுக்கு இதே நோய் வந்திருக்கிறது.

கொழுக்கட்டைப் புல் வளர்ந்த மேய்ச்சல் நிலமான கொறங்காட்டில் மேயவே விடக் கூடாதா? விடலாம், ஓடியாட அதைவிட நல்ல இடம் குட்டிக்குக் கிடைக்காது. ஆனால் புல் அது ஒன்றே என்றிருக்கக் கூடாது. நம் முன்னோர் ஒரு தீவனப் பயிருக்குக் குதிரைமசால் என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். கால்சியம் மிகுந்தது, புரதமும் உண்டு. கால் ஏக்கரில் போட்டால் ஒரு குட்டிக்குத் தாராளம். அறுத்து வாடவைத்து, மொத்தத் தீவனத்தில் மூன்றில் ஒரு பங்கு கொடுங்கள். தவிட்டைக் கைப்பிடி அளவாகக் குறைத்துவிடுங்கள். குறைக்க முடியாதவர்கள் ஒரு கிலோ தவிட்டுக்குச் சுமார் 40 கிராம் கால்சியம் கார்பனேட் தூள் சேர்த்தால்தான் கணக்கு சரியாகும். ஆக்சலேட் புல்லும் தின்றால் அதற்கு மேலும் வேண்டும், அளவை டாக்டரிடம் கேளுங்கள். கல்லுப்புக் கட்டி ஒன்றும் சுத்தமான தண்ணீரும் எப்போதும் இருக்கட்டும்.

அதேபோல அளவுக்கு மீறிக் கொழுக்க வைப்பதும் கேடுதான். தானியத்தைக் கொட்டி வளர்த்த குட்டிக்கு முழங்காலுக்கு மேலும் கணுக்காலிலும் எலும்பின் வளர்ச்சிப் பகுதி வீங்கும், கால் நேராக நிற்காமல் முன்னே மடங்கும். விலா எலும்பு கண்ணுக்குத் தெரியாமல், கை வைத்தால் தட்டுப்பட வேண்டும். அதுதான் சரியான உடம்பு.

மாட்டுக் கொட்டகையிலிருந்து வரக் கூடாதவை

முதலில் கோழித் தீவனம். அதில் ரத்தக்கழிச்சல் நோய்க்காகச் சேர்க்கும் மோனென்சின், சாலினோமைசின் போன்ற மருந்துகள் குதிரையின் இதயத் தசையை அழித்துவிடும், சிறு அளவே போதும். கோழித் தீவனம் ஏற்றிய சாக்கைக்கூடக் குதிரைத் தீவனத்துக்குப் பயன்படுத்தாதீர்கள். மாட்டுத் தீவன மூட்டையிலும் இது கலந்திருக்கலாம்.

உண்ணிக்காக மாட்டின் மேல் தெளிக்கும் அமிட்ராஸ் குதிரையின் குடலையே நிறுத்திவிடும். மாட்டுக்குத் தோலுக்கடியில் போடும் ஐவர்மெக்டின் ஊசியும் வேண்டாம், ஊசி போட்ட இடத்தில் மோசமான சீழ்க்கட்டி வரக்கூடும். குதிரைக்கு வாய்வழிப் பசையாகத்தான் கொடுக்க வேண்டும். வேலியோரச் சூபாபுல் தழையைத் தொடர்ந்து தின்றால் பிடரியும் வாலும் உதிரும். பச்சைச் சோளப்பயிரில் மேயவிட்டால் பின்னங்கால் தள்ளாடி, சிறுநீர் கட்டுப்பாடு போய்விடும். பூசணம் பிடித்த மக்காச்சோளம் மூளையைத் தாக்கும். பருத்திக்கொட்டையும் குட்டிக்கு ஆகாது.

புழுவும் தடுப்பூசியும்

குட்டிக்குப் பெரிய எதிரி உருண்டைப்புழு. மூன்றாம் மாதத்திலிருந்து பெருகி, சில சமயம் குடலையே அடைக்கும். வயிறு பானை மாதிரி, முடி சொரசொரவென்று, இடையிடையே இருமல் என்றால் இதைச் சந்தேகியுங்கள். முதல் மருந்து இரண்டு மூன்று மாதத்தில், ஃபென்பெண்டசோல். பல நாடுகளில் இந்தப் புழு ஐவர்மெக்டினுக்குக் கட்டுப்படாமல் போய்விட்டதால் அதை முதல் மருந்தாக வைக்க வேண்டாம். அடுத்த தடவை ஐந்தாறு மாதத்தில், சாணப் பரிசோதனை செய்து கொடுங்கள். மாதாமாதம் கண்ணை மூடிக்கொண்டு கொடுத்தால் புழு மருந்துக்குப் பழகிவிடும். சாணத்தை வாரத்துக்கு இரண்டு முறை அள்ளுவது பாதி மருந்துக்குச் சமம்.

இரணஜன்னித் தடுப்பூசி, தாய்க்குப் போட்டிருந்தால் குட்டிக்கு ஐந்தாறு மாதத்தில் தொடங்கலாம். 4 முதல் 6 வாரத்தில் இரண்டாவது, பத்து முதல் பன்னிரண்டு மாதத்தில் மூன்றாவது. தாய்க்குப் போடவில்லையென்றால் மூன்று மாதத்திலேயே. வெறிநோய்த் தடுப்பூசியும் அதே காலத்தில். நாய் திரியாத ஊர் நம்மிடம் இல்லை.

சந்தையில் வாங்கிய குட்டி என்றால் வீட்டிலுள்ள மற்றக் குதிரைகளோடு சேர்க்காமல் குறைந்தது மூன்று வாரம் தனியே கட்டுங்கள், தண்ணீர்த் தொட்டியும் தனி. தாடைக்கு அடியில் கட்டி, மூக்கில் சளி, காய்ச்சல் இவற்றைத் தினமும் பாருங்கள். கிளாண்டர்ஸ் என்ற நோய் மனிதர்களுக்கும் தொற்றும், குதிரைக்குத் தடுப்பூசி கிடையாது. ரத்த மாதிரியை ஹிசாரிலுள்ள தேசியக் குதிரையின ஆராய்ச்சி மையத்தில் சோதிக்கிறார்கள், அரசுக் கால்நடை மருத்துவர் மூலம் அனுப்பலாம். விற்பவர் அவசரப்படுத்தினாலும் வாங்கும் முன் இந்தச் சோதனை முடிவைக் கேளுங்கள்.

குளம்பு, பழக்கம், வேலை

பிறந்த வாரத்திலிருந்தே கால்களைத் தூக்கித் தொட்டுப் பழக்குங்கள். ஒன்றிரண்டு மாதத்தில் குளம்பைச் சீவ ஆள் வரும்போது அது மிரளாமல் நிற்கும். பிறகு 4 முதல் 6 வாரத்துக்கு ஒரு முறை சீவ வேண்டும், லாடம் தேவையில்லை. வயதை யாராவது கூட்டிச் சொன்னால் பல்லைப் பாருங்கள். நடு வெட்டுப்பல் எட்டு நாளில், அடுத்தது எட்டு வாரத்தில், ஓரப்பல் எட்டு மாதத்தில். ஓராண்டு ஆனதும் ஆண் குட்டியையும் பெண் குட்டியையும் பிரித்துவிடுங்கள்.

திருவிழா நாட்டியத்துக்கும் ரேக்ளாவுக்கும் ஒன்றரை வயதிலேயே குட்டியை இறக்குகிறவர்களைப் பார்க்கும்போது மனசு வலிக்கிறது. முழங்காலுக்கு மேலே உள்ள வளர்ச்சிப் பகுதி மூட இரண்டு முதல் இரண்டரை வயதாகும், முதுகெலும்பு முழுதாக முதிர ஐந்து வயது வரை ஆகலாம். அதுவரை திறந்த இடத்தில் தானாக ஓடட்டும், கயிற்றில் பிடித்து நடக்கப் பழக்குங்கள். மூன்று வயது முடிந்ததும் பத்து நிமிடம், பதினைந்து நிமிடம் என்று இலேசான ஆள் ஏறிப் பார்க்கலாம். கடிவாளம் மாட்டும் முன் டாக்டரை வாயைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். மேல்தாடையில் முதல் கடைவாய்ப்பல்லை ஒட்டிச் சின்னதாக ஒரு பல் இருந்தால் கடிவாளம் அதில் இடிக்கும், பிடுங்கிவிட்டு ஆறிய பிறகு மாட்டுங்கள்.